கொஞ்சம் என்றால் எத்தனை விரல்?

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு ஸ்பிரிங் ஒரு முடிவு எடுத்தாள். முடி போய்விட்டது. மிச்சம் இருந்தது முடிவு மட்டும்தான்.

அதை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

"அறிவிப்பு: இன்று முதல் நான் சித்தியோடு பேச மாட்டேன். காரணம் சித்திக்கே தெரியும். தெரியாவிட்டால் என் தலையைப் பார்க்கவும்."

பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடுவது வருகைப் பதிவு எடுக்கும் டீச்சர் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவள் ஸ்பிரிங். சுருட்டை முடி. பிடித்து இழுத்தால் நீளும், விட்டால் 'டொய்ங்' என்று மேலே ஏறும்.

அந்த முடியை அவள் இரண்டு வருடமாக வளர்த்தாள். போன வாரம்தான் முதல்முறையாக ஒற்றைப் பின்னல் போட வந்தது. பெரிய பின்னல் என்று சொல்ல முடியாது. எலிவாலுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். ஆனாலும் பின்னல் பின்னல்தானே!

சித்தி என்பவர் அம்மாவின் தங்கை. அதே வீட்டில்தான் இருக்கிறார். பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் கம்பெனியில் மூன்று வருடமாக வேலை. மாலை நேரத்தில் ஆறு மாதம் முடி வெட்டும் கோர்ஸ் படித்தார். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அதற்குக் கீழே, அலமாரியில், பயிற்சிக்கு வாங்கிய பொம்மைத் தலை. அதற்குச் சித்தி வைத்த பெயர் மகாராணி. வாங்கும்போது மகாராணிக்கு முழ நீளத்துக்கு முடி இருந்தது. ஆறு மாதத்தில் அவள் வழுக்கைக்கு ஒரு ஸ்டாப் முன்னால் வந்து நின்றாள். ஆனாலும் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வேறு முகம் இல்லை.

அன்று காலை நடந்தது இதுதான்.

"நுனியில மட்டும் கொஞ்சம் வெட்டி விடு, சித்தி."

"கொஞ்சம்தானே? உட்காரு."

சமையலறை நாற்காலி. கழுத்தைச் சுற்றிப் போர்வை. தலையில் புஸ்புஸ்ஸென்று தண்ணீர் ஸ்ப்ரே. சித்தி நாலு கிளிப் போட்டு முடியைப் பிரித்தார், சீப்பால் இழுத்தார், பேசிக்கொண்டே இருந்தார். கம்பெனி மேனேஜர் எப்படித் தும்முவார் என்று நடித்துக் காட்டினார். கத்தரிக்கோல் சக், சக், சக்கென்று போனது. ஸ்பிரிங் போர்வையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பிறகு முடி காய ஆரம்பித்தது.

காயக் காய மேலே ஏறியது. தோளைத் தாண்டியது. கழுத்தைத் தாண்டியது. காது பக்கம் வந்ததும், இதற்கு மேல் இடமில்லை என்பதுபோல் நின்றது.

"பிரமாதம்டி! ரெண்டு பக்கமும் ஒரு நூல் பிசகல, பாரு!" என்றார் சித்தி.

"பின்னல் எங்கே?"

சித்தி தரையைப் பார்த்தார். பின்னல் அங்கேதான் இருந்தது.

"நான் கொஞ்சம்னுதானே சொன்னேன்?"

"கொஞ்சம்தான்டி வெட்டினேன்! விடு, வளரும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் ஸ்பிரிங்கின் மூக்கு நுனியில் தீ வைத்தது.

அம்மா பார்த்தாள். "அச்சச்சோ! சரி, வளர்ந்துடும்." அப்பா பார்த்தார். "வளரும்மா." பக்கத்து வீட்டு மாமா, கேட்காமலேயே, "வளரும் வளரும்" என்று இரண்டு தடவை சொன்னார். ஸ்பிரிங் நோட்டில் கோடு போட்டு எண்ணினாள். அன்று மாலைக்குள் பதினான்கு 'வளரும்'. ஒருவர்கூட "அடடா, தப்பாச்சே" என்று சொல்லவில்லை. அதற்கென்று ஒதுக்கிய பக்கம் காலியாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டில் ஸ்பிரிங், "அம்மா, உன் தங்கச்சிகிட்ட உப்பைத் தள்ளச் சொல்லு" என்றாள்.

"அக்கா, உன் பொண்ணுகிட்ட சொல்லு, உப்பு அவ முழங்கைக்குப் பக்கத்துலதான் இருக்கு" என்றார் சித்தி.

"அம்மா, நான் பார்த்துட்டேன்னு சொல்லு."

"அக்கா, சந்தோஷம்னு சொல்லு."

"நான் என்ன ரேடியோவா?" என்றாள் அம்மா. அப்பா, தன்னையும் யாராவது ரேடியோ ஆக்கிவிடுவார்கள் என்று பயந்து, தட்டோடு வாசல் பக்கம் போய்விட்டார்.

திங்கட்கிழமை பள்ளியில் இன்னும் மோசம். பக்கத்து இருக்கைக்காரன் பெயர் குண்டூசி. உடம்பு குண்டூசி மாதிரி. பேச்சும் அப்படித்தான், குத்தும்.

"ஏய், ஸ்பிரிங்! ஸாரி, காலிஃப்ளவர்!"

வகுப்பே சிரித்தது. அன்றைக்கு ஸ்பிரிங் மூன்று பென்சில் முனைகளை ஒடித்தாள். அதில் ஒன்றுதான் எழுதும்போது ஒடிந்தது.

செவ்வாய் மாலை அவள் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவும் சித்தியும் பேசியது காதில் விழுந்தது.

"சனிக்கிழமை மூணு மணிக்கு ட்ரையல், அக்கா. முக்குல இருக்கே பெரிய பார்லர், அங்கதான். ஒரு தலையைக் கூட்டிட்டு வந்து வெட்டிக் காட்டணும். மேடத்துக்குப் பிடிச்சா வேலை. பிடிக்கலைன்னா மறுபடி லேபிள்தான்." சித்தி தன் விரல்களைப் பார்த்தார். பசை காய்ந்து நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. "மூணு வருஷமா ஒரே பாட்டில், அக்கா. ஒரு பாட்டிலாவது திரும்பிப் பார்த்து நல்லாருக்குன்னு சொல்லியிருக்கா?"

"நான் வந்து உட்கார்றேன். ஆனா கொஞ்சம்தான் வெட்டணும்" என்றாள் அம்மா.

"கொஞ்சம்தானே, அக்கா!"

ஸ்பிரிங்கின் நான்காவது பென்சில் முனை ஒடிந்தது.

அதே வார்த்தை. அதே "தானே". சித்தி வேண்டுமென்றே செய்கிறார் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. வழக்கு நடத்த வேண்டும் என்றால் ஆதாரம் வேண்டும். அவள் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"அம்மா, கொஞ்சம்னா எவ்வளவு? விரலால காட்டு."

அம்மா கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்தாள். இரண்டு சென்டிமீட்டர்.

அப்பா காட்டியது ஐந்து. பக்கத்து வீட்டு மாமா, "எதுல கொஞ்சம்? வேலையிலயா, தூக்கத்துலயா?" என்று கேட்டார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. பேப்பர் கடைக்காரர் ஒன்றரை. இஸ்திரி போடும் அண்ணன் கையில் பெட்டி இருந்ததால் புருவத்தை உயர்த்திக் காட்டினார். அது ஒரு சென்டிமீட்டர் வரும்.

சித்தியிடம் எப்படிக் கேட்பது? அறிவிப்பு தடுத்தது. மறுநாள் மாலை ஸ்பிரிங் குண்டூசியைத் தன் வீட்டு வாசலுக்குக் கூட்டி வந்தாள்.

"நீ போய்க் கேளு. கேட்டா இனிமே நீ காலிஃப்ளவர்னு கூப்பிடறதுக்கு டீச்சர்கிட்ட சொல்ல மாட்டேன்."

"கூப்பிடவே கூடாதுன்னு சொல்ல மாட்டியா?"

"நீ கேட்பியா என்ன?"

"மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டு குண்டூசி உள்ளே போனான். ஸ்பிரிங் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"சித்தி, முடி வெட்டறதுல கொஞ்சம்னா எவ்வளவு?"

சித்தி யோசிக்கவே இல்லை. கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை முழுக் கையையும் விரித்தார். "இவ்வளவுடா. ஏன்?"

ஒரு சாண்!

ஸ்பிரிங்கின் வாய் திறந்தபடியே நின்றது. சித்தி மறைக்கவில்லை, மழுப்பவில்லை. அவருக்கு உண்மையாகவே ஒரு சாண்தான் கொஞ்சம். பொய் சொல்லியிருந்தால் கோபப்படுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! இப்போது கோபத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

அவள் அலமாரிக்கு முன்னால் போய் நின்று மகாராணியை முறைத்தாள். மகாராணி சிரித்தாள்.

"எல்லாம் உன்னாலதான்" என்றாள் ஸ்பிரிங். "ஆறு மாசமா ஒரு சாண் ஒரு சாணா வெட்டினாங்க. 'போதும்'னு ஒரு தடவை சொன்னியா? இளிச்சுக்கிட்டே இருந்திருக்க!"

மகாராணி அதற்கும் இளித்தாள்.

இதைப் போய்ச் சித்தியிடம் சொல்லலாம். ஆனால் அறிவிப்பு என்றால் அறிவிப்பு. போகட்டும், அம்மா தலையிலும் ஒரு சாண் போகட்டும், அப்போது எல்லோருக்கும் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அம்மாவும் சித்தியும் கிளம்பியபோது ஸ்பிரிங்கும் செருப்பை மாட்டினாள்.

"நீ எதுக்கு?" என்றாள் அம்மா.

"வேடிக்கை பார்க்க."

பார்லரில் ஐந்து நாற்காலிகள், ஐந்து பெரிய கண்ணாடிகள். ஷாம்பு வாசனையும் சூடான டிரையர் வாசனையும் கலந்து வந்தன. மேடம் மூலையில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பைச் செலவு பண்ணாத முகம்.

முதலில் துண்டு மடிக்கச் சொன்னார். சித்தி மடித்தார். நான்கு மூலையும் சேர்ந்து நின்றன. தலை கழுவும் தண்ணீரைச் சரிபார்க்கச் சொன்னார். சித்தி முதலில் தன் மணிக்கட்டின் உள்பக்கம் ஊற்றிப் பார்த்து, சூட்டைக் குறைத்தார். சீப்பும் கத்தரிக்கோலும் கழுவி, துடைத்து, வரிசையாக வைத்தார். எதிலும் குறை இல்லை. ஸ்பிரிங்குக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு நன்றாகச் செய்கிறவர் தன் தலையில் மட்டும் ஏன் அப்படிச் செய்தார்?

"சரி. தலை எங்க?" என்றார் மேடம்.

அம்மா முன்னால் வந்தாள்.

"இவங்க யாரு?"

"எங்க அக்கா, மேடம்."

"அக்கா தலையா? குதறி வெச்சாலும் அக்கா வாயைத் திறக்க மாட்டாங்க. வேண்டாம். அடுத்து யாரு வர்றாங்களோ அவங்களுக்கு வெட்டு."

சித்தியின் முகம் வெளுத்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வெள்ளைச் சீருடையில் ஒரு நர்ஸ் உள்ளே வந்தார். அலைஅலையான கூந்தல், இடுப்புக்கு மேல் வரை. வேலை முடிந்த களைப்போடு கொண்டையை அவிழ்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நுனியெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. கொஞ்சம் வெட்டி விடுங்க."

"கொஞ்சம்தானே, சிஸ்டர்!" என்றார் சித்தி.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்பிரிங் மூடவில்லை. வேடிக்கை பார்க்கத்தானே வந்தாள்?

தண்ணீர் ஸ்ப்ரே. நாலு கிளிப். சீப்பு. சித்தி ஒரு கற்றையை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்தார். அந்த விரல்கள் நுனியிலிருந்து மெல்ல மேலே ஏறின. ஏறின. இன்னும் ஏறின.

ஒரு சாண்.

வெட்டட்டும், என்றது ஸ்பிரிங்கின் கோபம். நன்றாக வெட்டட்டும். மேடம் பார்க்கட்டும். அப்புறம் சித்தி திங்கட்கிழமை லேபிள் ஒட்டட்டும்.

அப்போதுதான் அவள் நர்ஸின் கையைப் பார்த்தாள். மேலே போர்த்தியிருந்த துணியின் ஓரத்தை அந்தக் கை இறுக்கிப் பிடித்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை சமையலறை நாற்காலியில் போர்வையைப் பிடித்திருந்த கை மாதிரியே.

'இந்த சிஸ்டர் யாருக்கு என்ன செஞ்சாங்க?' என்று ஸ்பிரிங்குக்குத் தோன்றியது. இப்போது கோபம் தன்மேலேயே கொஞ்சம் திரும்பியது.

கத்த முடியாது. கத்தினால் மேடம் அந்த நிமிடமே சித்தியை வெளியே அனுப்பிவிடுவார். பேசவும் முடியாது. அறிவிப்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

ஆனால் எதிரே கண்ணாடி இருந்தது.

ஸ்பிரிங் நாற்காலிக்குப் பின்னால், கண்ணாடியில் தெரியும்படி போய் நின்றாள். சித்தி நிமிர்ந்தார். இரண்டு பேர் கண்ணும் கண்ணாடியில் முட்டின. ஆறு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக.

ஸ்பிரிங் தன் நெற்றியில் விழுந்த ஒரு சுருளைப் பிடித்து, மோவாய் வரை இழுத்தாள். விட்டாள். டொய்ங்.

சித்தி புரியாமல் பார்த்தார்.

மறுபடி இழுத்தாள். மறுபடி டொய்ங். முகத்தில் சிரிப்பு துளியும் இல்லை. பிறகு இரண்டு விரல்களை நெருக்கிக் காட்டினாள். முழுக் கையையும் விரித்துச் சாண் காட்டினாள். பிறகு இரண்டு கையையும் மலர்த்தி, 'எது?' என்று கேட்டாள். கடைசியாக நர்ஸின் முதுகைச் சுட்டிக் காட்டினாள்.

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது.

சித்தி தன் விரல்கள் பிடித்திருந்த இடத்தைப் பார்த்தார். நனைந்து நீண்டிருந்த முடியைப் பார்த்தார். ஸ்பிரிங்கின் தலையைப் பார்த்தார். ஆறு நாளாகப் பார்த்த தலைதான். ஆனால் அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

"ஒரு நிமிஷம், சிஸ்டர்" என்றார். "கொஞ்சம்னு சொன்னீங்களே... எவ்வளவுன்னு விரலால காட்டுங்களேன்."

நர்ஸ் துணிக்குள்ளிருந்து கையை எடுத்து, சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.

"இவ்வளவு. டியூட்டியில கொண்டை போட்டே ஆகணும். கொண்டை நிக்கலைன்னா எங்க பெரிய நர்ஸம்மா என்னை நிக்க வெச்சிடுவாங்க."

சித்தி விரல்களை நுனிப் பக்கம் இறக்கினார். "உங்க முடி காய்ஞ்சா மேல ஏறும், சிஸ்டர். அதனால இப்ப அதுல பாதிதான் வெட்டுவேன். காய வெச்சுப் பார்ப்போம். இன்னும் வேணும்னு நீங்க சொன்னா மறுபடி வெட்டலாம்."

"அப்பாடி!" என்றார் நர்ஸ். துணியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

அதற்கப்புறம் சித்தி கம்பெனி மேனேஜர் கதை எதுவும் சொல்லவில்லை. வெட்டினார், கேட்டார், காட்டினார், மறுபடி வெட்டினார். முடி காய்ந்ததும் நர்ஸ் கொண்டை போட்டார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறிப் பார்த்தார். கொண்டை பாறை மாதிரி நின்றது. போகும்போது, "அடுத்த தடவையும் நீங்களே வெட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடம் எழுந்து வந்தார்.

"இந்த மாசம் ஆறு பேருக்கு ட்ரையல் வெச்சேன். எல்லாருக்கும் வெட்டத் தெரிஞ்சது. ஒருத்தரும் விரலைக் காட்டுங்கன்னு கேக்கல. உனக்கு இதை எந்த கோர்ஸ்ல சொல்லிக் கொடுத்தாங்க?"

ஸ்பிரிங் சித்தியையே பார்த்தாள். இப்போது "நானாத்தான் யோசிச்சேன், மேடம்" என்று சொன்னால் வேலை நிச்சயம். சொல்லட்டும். சொன்னால் அறிவிப்பைக் கழற்றவே போவதில்லை. கல்லூரிக்குப் போனாலும் கழற்றப் போவதில்லை.

சித்தி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"கோர்ஸ்ல பொம்மைத் தலைக்குத்தான் வெட்டினோம், மேடம். அதுகிட்ட எதையும் கேக்க வேண்டியதில்ல. இப்ப இவதான் கண்ணாடியில காட்டினா. என் அக்கா பொண்ணு." ஸ்பிரிங்கின் தோளைத் தொட்டார். "இவ முடியையும் நான்தான் வெட்டினேன். கொஞ்சம்னுதான் சொன்னா. எவ்வளவுன்னு நான் கேக்கவே இல்ல. ஈரத்துல அளந்து வெட்டிட்டேன். ரெண்டு வருஷமா வளர்த்த முடி. தப்பு என்னோடதுதான்."

அம்மா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மேடம் ஸ்பிரிங்கின் தலையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். ஒரு சுருளை இழுத்தார். விட்டார். டொய்ங்.

"வெட்டு நல்ல வெட்டு. ரெண்டு பக்கமும் சமம்" என்றார். "ஆனா இது நீ ஆசைப்பட்ட வெட்டு, இவ கேட்ட வெட்டு இல்ல. சரிதானே, பாப்பா?"

"ஆமா, மேடம்" என்றாள் ஸ்பிரிங். மேடத்தோடு பேசக் கூடாது என்று அறிவிப்பில் இல்லை.

"திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வா" என்றார் மேடம் சித்தியிடம். "பத்து நிமிஷம் முன்னாடியே வா. அந்தப் பொம்மைத் தலையை மட்டும் இங்க கொண்டு வந்துடாதே."

தெருவுக்கு வந்ததும் அம்மா சித்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "என் தலை தப்பிச்சுதுடி!" என்றாள். எதற்கு அதிகம் மகிழ்ந்தாள் என்று சொல்வது கஷ்டம்.

ஸ்பிரிங் இரண்டடி முன்னால் நடந்தாள். சித்தி வேகமாக வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டார்.

"அங்க மேடத்துகிட்ட சொன்னேன். உன்கிட்ட இன்னும் சொல்லல. தப்புடி, ஸ்பிரிங். 'வளரும் வளரும்'னு சொல்லியே ஒப்பேத்திட்டேன். எவ்வளவு ஆசையா வளர்த்த!"

ஸ்பிரிங் நின்றாள்.

"அதைத்தான் ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கணும்" என்றாள். "பதினாலு தடவை வளரும்னு சொன்னாங்க. வளரும்னு எனக்குத் தெரியாதா? என் தலைதானே?"

"அக்கா! பேசிட்டா!" என்று கத்தினார் சித்தி. சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். "அப்போ கோபம் போயிடுச்சா?"

"போகல."

"சரி, இன்னும் எவ்வளவு கோபம் இருக்கு?"

"கொஞ்சம்."

சித்தி இப்போது புத்திசாலி ஆகியிருந்தார். நடையை நிறுத்தி, குனிந்து, பணிவாகக் கேட்டார்: "கொஞ்சம்னா எவ்வளவு? விரலால காட்டு."

ஸ்பிரிங்குக்கு விரல் போதவில்லை. தெருவின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக, இரண்டு கைகளையும் முடிந்த மட்டும் அகல விரித்துக் காட்டினாள்.

"இவ்வளவுதான்" என்றாள்.